விடைதான் போனில் இருக்கிறதே... பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? செஸ் சொல்லும் பதில்!

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம். இதுதான் கடைசி ஆட்டமும்கூட. சென்னையின் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் தலா 6.5 புள்ளிகளுடன் சமமாக இருந்தார்கள். ஆட்டம் டிராவில்தான் முடியும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது, 55-வது நகர்த்தலில், டிங் தன் யானையை எடுத்து குகேஷின் யானைக்கு எதிரே வைத்தார். `வெட்டிக்கொள்ளலாம், டிரா செய்துகொள்ளலாம்' என்பது அவருடைய கணக்கு.

அது தப்புக் கணக்கு என்பது அடுத்த நொடியே உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நேரலையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் திரையோரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதைக் கணினி கணக்குப் போட்டுக் காட்டும் பட்டை அது. டிராவைக் காட்டிக்கொண்டிருந்த பட்டை, சட்டென்று குகேஷின் பக்கம் சாய்ந்தது. குதிரை எப்படி நகரும் என்பதுகூடச் சரியாகத் தெரியாதவர்களும், `போச்சு, டிங் தப்பு பண்ணிட்டார்!' என்று துள்ளினார்கள்.

அந்த நொடியில் விஷயம் புரியாமல் இருந்தவர்கள் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர்தான். டிங் செய்தது பெரிய தவறு என்பது தனக்கும் உடனே தெரியவில்லை என்றும், சில விநாடிகள் கழித்தே கவனித்ததாகவும் குகேஷே பின்னர் சொன்னார். கவனித்த பிறகு யானைகளை வெட்டினார். மூலையில் மாட்டிக்கொண்டிருந்த டிங்கின் பிஷப்பையும் வெட்டுக்கு இழுத்தார். 58-வது நகர்த்தலுடன் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விடை முதலில் தெரிந்தது, போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு. ஆனால், அவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் பத்து நகர்த்தல்கள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அப்படியென்றால், அவர்களுக்கு உண்மையில் என்ன `தெரிந்தது'?

இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இதே கேள்வி வேறு வடிவத்தில் வந்து நிற்கிறது.

வீட்டுப்பாடமும் சாட்ஜிபிடியும்

இரவு எட்டு மணி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கணக்கு நோட்டைத் திறந்து வைத்திருக்கிறது. பக்கத்தில் போன். கேள்வியை போட்டோ எடுத்தால் போதும், ஏ.ஐ செயலி ஒவ்வொரு வரியாக விடையை எழுதிக் காட்டிவிடுகிறது. `தண்ணீர் சேமிப்பின் அவசியம்' என்று தலைப்புக் கொடுத்தால், கட்டுரையும் ரெடி. பத்து நிமிடத்தில் வீட்டுப்பாடம் முடிந்துவிடுகிறது.

அம்மாவோ அப்பாவோ, ``நீயா யோசிச்சுப் பண்ணு'' என்றால், பதில் தயாராக இருக்கிறது. ``அதான் போன்லயே இருக்கே... நான் எதுக்கு யோசிக்கணும்?''

திட்டி வாயை அடைத்துவிடலாம். ஆனால், அது நியாயமான கேள்வி. நல்ல பதில் சொல்லத் தெரியாததால்தான் பல பெற்றோர்களுக்குக் கோபம் வருகிறது. ஆசிரியர்களுக்கும் இதே திண்டாட்டம்தான். நோட்டில் இருக்கும் விடை மாணவருடையதா, மெஷினுடையதா என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது.

பள்ளிகளுக்கு இந்தப் பிரச்னை புதிது. செஸ்ஸுக்குப் பழையது. மனிதனைவிட மெஷினுக்கு நன்றாக விடை தெரியும் என்ற நிலைமையை அந்த விளையாட்டு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளாகச் சந்தித்து வருகிறது.

`செஸ் செத்துப்போச்சு' என்றார்கள்!

1997 மே மாதம். நியூயார்க்கில் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ், ஐ.பி.எம் நிறுவனத்தின் `டீப் ப்ளூ' கணினியிடம் 2.5 - 3.5 என்ற புள்ளிக்கணக்கில் தோற்றுப்போனார். மனித மூளையின் உச்சம் என்று கொண்டாடப்பட்ட விளையாட்டில் மனிதன் தோற்றது உலகச் செய்தியானது. `இனி செஸ்ஸை யார் விளையாடுவார்கள், யார் பார்ப்பார்கள்' என்ற கேள்வியும் எழுந்தது.

அன்று அந்தக் கணினி ஆளுயர அலமாரிகளில் இருந்தது. இன்று `ஸ்டாக்ஃபிஷ்' என்ற இலவச மென்பொருள் சாதாரண போனிலேயே ஓடுகிறது. அதை உலக சாம்பியனாலும் ஜெயிக்க முடியாது. விடை கிடைப்பதுதான் முக்கியம் என்றால், செஸ் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறாக. இந்தியாவுக்கு முதல் கிராண்ட் மாஸ்டர் கிடைத்தது 1988-ல், விஸ்வநாதன் ஆனந்த் மூலமாக. 2025 ஜூலையில் மகளிர் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக் இந்தியாவின் 88-வது கிராண்ட் மாஸ்டர். இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி, மெஷின் மனிதனை ஜெயித்த பிறகு வந்தது.

2020 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் `தி குயின்ஸ் காம்பிட்' தொடர் வெளியானது. ஊரடங்கில் வீட்டில் அடைந்துகிடந்த உலகம், ஓர் அநாதைச் சிறுமி செஸ் மேதையாகும் கதையைப் பார்த்துவிட்டுச் செஸ் போர்டு தேடி அலைந்தது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலமே செஸ் போர்டாக மாறியது. வேட்டி கட்டிய குதிரை `தம்பி'யுடன் குடும்பம் குடும்பமாக செல்ஃபி எடுத்தார்கள். 2025 ஜூன் மாதம் நார்வேயில் குகேஷிடம் தோற்ற மேக்னஸ் கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்திய வீடியோ, செஸ் தெரியாதவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட ஓடியது.

யாரும் அதை `சரியான நகர்த்தல்' எது என்று தெரிந்துகொள்வதற்காகப் பார்க்கவில்லை. அது மெஷினிடம் இருக்கிறது. ஒரு மனித மூளை, நெருக்கடியில், துணையின்றி, ஒரு முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான் பார்த்தார்கள்.

மணிலாவில் ஓர் அம்மா

ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். கடைசியில் நேயர்களுக்கு ஒரு புதிர் கொடுப்பார்கள். சரியான விடை அனுப்புபவருக்குச் செஸ் புத்தகம் பரிசு.

நிகழ்ச்சி வரும் நேரத்தில் ஆனந்த் பள்ளிக்கூடத்தில் இருப்பார். அம்மா டிவி முன் உட்கார்ந்து, ஆட்டங்களையும் புதிரையும் தாளில் குறித்து வைத்திருப்பார். மகன் வந்ததும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். பரிசு மேல் பரிசாக வாங்கிக் குவித்ததில், ஒரு கட்டத்தில் நிகழ்ச்சிக்காரர்களே அழைத்து, `வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே' என்று சொல்லிவிட்டார்களாம். இதை ஆனந்தே பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, அம்மா எழுதிவைத்தது விடையை அல்ல, கேள்வியை! விடை தெரியாமல் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்த அந்த மாலை நேரங்கள்தான் ஆனந்தின் முதல் பயிற்சிக்கூடம். பின்னாளில் அவர் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார்.

குகேஷின் பயிற்சியில் இல்லாமல் போன ஒன்று

ஆனந்தின் சிறுவயதில் கணினி இல்லை. அதனால் அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால், 2006-ல் பிறந்த குகேஷுக்கு எல்லாமே இருந்தது. அவர் வயதுப் பிள்ளைகள், ஆட்டம் முடிந்த கையோடு கணினியில் போட்டு எங்கே தவறு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தார். கிராண்ட் மாஸ்டர் பட்டம் வரும்வரை, செஸ் இன்ஜினைத் தொடாமலேயே குகேஷ் பயிற்சி செய்தார். அந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தபோது வயது 12 ஆண்டுகள், 7 மாதங்கள், 17 நாள்கள்.

இது பலரும் செய்யத் தயங்கும் காரியம். ஏனென்றால், இன்ஜின் உடனடியாக, துல்லியமாகத் தவறைச் சொல்லும். ஆனால், `இதுதான் சரியான நகர்த்தல்' என்று சொல்லுமே தவிர, `ஏன்' என்று மனிதனுக்குப் புரியும் மொழியில் சொல்லாது. அந்த `ஏன்' என்பதைத் தேடும் நேரத்தில்தான், பிடிக்காத நிலையிலும் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போடும் பழக்கம் வருகிறது. சிங்கப்பூரில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 12-வது ஆட்டத்திலும் தோற்றார். டிராவாகிவிடும் என்று பலரும் நினைத்த 14-வது ஆட்டத்தைக் கடைசிவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அதன் பிறகு அவரும் இன்ஜினைப் பயன்படுத்துகிறார். இன்றைய செஸ்ஸில் அது இல்லாமல் முடியாது. வித்தியாசம் வரிசையில்தான் இருக்கிறது. முதலில் மூளை, பிறகு மெஷின்.

`மனப்பாடம் எதற்கு?'

``தகவல் எல்லாம் கூகுள்லயே இருக்கே, மண்டையில எதுக்கு ஏத்தணும்?'' இதுவும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதுதான். இதற்கும் செஸ்ஸிலேயே பதில் இருக்கிறது.

1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் இருக்கும் பலகையை ஐந்து விநாடிகள் மட்டும் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். பார்த்தவர் நினைவிலிருந்து காய்களை அடுக்க வேண்டும். செஸ் மாஸ்டர் ஏராளமான காய்களைச் சரியாக அடுக்கினார். புதிதாகக் கற்றவர் சில காய்களோடு திணறினார். `மாஸ்டருக்கு ஞாபகசக்தி அதிகம்' என்றுதானே தோன்றும்?

அடுத்து, காய்களைக் கன்னாபின்னாவென்று கலைத்துவைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரும் திணறினார்! அவருடைய பலம் ஞாபகசக்தியில் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை விளையாடி, யோசித்து, தலைக்குள் சேர்த்துவைத்திருந்த அமைப்புகள்தான் அவருடைய கண்ணாக வேலை செய்தன. புதியவருக்குத் தனித்தனிக் காய்களாகத் தெரிந்தது, அவருக்கு `இது ராஜாவின் கோட்டை, இது தாக்குதலுக்குத் தயாராகும் படை' என்று கூட்டம் கூட்டமாகத் தெரிந்தது.

வாய்ப்பாடும் இலக்கணமும் வரலாறும் தலைக்குள் இருக்க வேண்டும் என்பதற்கான காரணமும் இதுதான். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்குப் பின்னத்தைப் பார்த்ததும் எங்கே சுருக்கலாம் என்று கண்ணில் படும். தெரியாத பிள்ளைக்கு அது வெறும் எண்கள். கூகுளில் எல்லாம் இருக்கலாம். ஆனால், எதைத் தேட வேண்டும், வந்த விடை சரியா தப்பா என்று பார்க்க, தலைக்குள் கொஞ்சம் சரக்கு இருந்தே ஆக வேண்டும். ஏ.ஐ சில நேரங்களில் தப்பான விடையையும் சரியான விடையைப் போலவே தைரியமாகச் சொல்லும். அதைப் பிடிக்கவும் அந்தச் சரக்குதான் வேண்டும்.

துருக்கிப் பள்ளியில் நடந்தது

இதெல்லாம் செஸ்ஸுக்கு மட்டும்தான் பொருந்துமா? பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும் என்கிறது, துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாடம், கணக்கு.

ஒரு பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். இன்னொரு பிரிவினருக்கு, கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. மூன்றாம் பிரிவினருக்கு, விடையை நேரடியாகச் சொல்லாமல், ஆசிரியர்கள் வகுத்துக்கொடுத்தபடி குறிப்பு மட்டும் தரும் ஏ.ஐ.

பயிற்சி வகுப்பில், சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ வைத்திருந்தவர்கள் புத்தகப் பிரிவினரைவிட 48 சதவிகிதம் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். பெற்றோர் பார்த்தால், `பிள்ளை என்னமா முன்னேறிட்டான்' என்றுதான் சொல்வார்கள். பிறகு ஏ.ஐ-யை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். அதே மாணவர்கள், புத்தகப் பிரிவினரைவிட 17 சதவிகிதம் குறைவாக எடுத்தார்கள். தங்களுக்குக் குறைவாகத்தான் புரிந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. குறிப்பு மட்டும் வாங்கிக்கொண்ட மூன்றாம் பிரிவினருக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஆக, ஏ.ஐ-யைத் தொட்டாலே கெட்டுப்போவார்கள் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. யோசிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டால், பயிற்சியில் கிடைக்கும் மதிப்பெண் தேர்வு அறைக்குக் கூட வராது என்கிறது. செஸ் அரங்கத்தைப் போலவே தேர்வு அறைக்குள்ளும் போனுக்கு அனுமதியில்லை. ஆபத்தான நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய மருத்துவருக்கும், நேர்காணலில் உட்கார்ந்திருக்கும் பட்டதாரிக்கும் அந்த நிமிடத்தில் கைகொடுப்பது தலைக்குள் இருப்பதுதான்.

அப்போ, எல்லோரும் செஸ் கிளாஸுக்குப் போகணுமா?

தேவையில்லை! `செஸ் கத்துக்கிட்டா கணக்கு தானா வரும்' என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், செஸ் கற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் ஓராண்டு கழித்துக் கூடியதாகத் தெரியவில்லை. செஸ் விளையாடினால் செஸ் வரும். கணக்குப் போட்டால்தான் கணக்கு வரும். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் விளையாடட்டும், அந்தச் சந்தோஷமே போதும்.

குகேஷின் வாழ்க்கையை அப்படியே நகலெடுக்கவும் முடியாது. நான்காம் வகுப்புக்குப் பிறகு அவர் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக அவருடைய அப்பா மருத்துவத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பந்தயத்தை எல்லாக் குடும்பங்களாலும் கட்ட முடியாது. ஆனால், செஸ் உலகம் முப்பது வருடமாகப் பழகிய அந்த வரிசையை இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டு வரலாம். அதற்குக் காசு தேவையில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதல் பத்து நிமிடம் போன் வேண்டாம்: கணக்கோ, கட்டுரையோ, முதலில் பிள்ளை தானாக முயற்சி செய்யட்டும். பாதியில் நின்றாலும் பரவாயில்லை. எந்த வரியில் மாட்டிக்கொண்டோம் என்று தெரிவதே பாதிக் கல்வி.

* விடை கேட்காமல், குறிப்பு கேட்கச் சொல்லுங்கள்: `இந்தக் கணக்கைப் போட்டுக் கொடு' என்பதற்குப் பதில், `நான் இதுவரை போட்டிருக்கிறேன், எங்கே தவறு என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே' என்று ஏ.ஐ-யிடம் கேட்கலாம். அதே செயலி அப்போது டியூஷன் ஆசிரியராக மாறிவிடும்.

* புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், படித்த ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது, மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது, நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். சமையல் செய்துகொண்டே, `இன்னைக்கு என்ன பாடம், சொல்லு கேப்போம்' என்று அம்மாவோ பாட்டியோ கேட்டாலே போதும்.

* தவறான விடைக்குத் திட்டாதீர்கள்: தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் பிள்ளைகளை நேராக ஏ.ஐ-யிடம் அனுப்புகிறது. தப்பு செய்தால் திட்டு, காப்பியடித்தால் பாராட்டு என்றால், எந்தப் பிள்ளையும் காப்பிதான் அடிக்கும். செஸ் வீரர்கள் தோற்ற ஆட்டத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.

* பெரியவர்களும் பழகலாம்: ஒரு செய்தியைப் பார்த்தவுடன் கமென்ட்டுக்குள் போய், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நம் கருத்தை முடிவு செய்கிறோம். அதுவும் திரையோரத்துப் பட்டையைப் பார்ப்பது போலத்தான். ஒரு நிமிடம் நிறுத்தி, `எனக்கு என்ன தோணுது?' என்று கேட்டுக்கொண்டு பிறகு உள்ளே போகலாம்.

அந்தக் கேள்விக்கான பதில்

``போன்லயே இருக்கே, நான் எதுக்கு யோசிக்கணும்?'' என்று அடுத்த முறை பிள்ளை கேட்டால், கோபப்பட வேண்டியதில்லை. ``விடை போன்ல இருக்கு, சரி. அதைக் கண்டுபிடிக்கிற ஆள் யாரு, போனா, நீயா?'' என்று கேட்டுப் பாருங்கள். கூடவே பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். கணக்கு பெரியவர்களுக்கே தெரியாவிட்டாலும் குறையில்லை, ``வா, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்'' என்று சொல்லலாம்.

முதலில் வரும் விடை தப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அது அந்தப் பிள்ளையின் சொந்த விடை. சரிசெய்துகொள்ள நாளைக்கு வகுப்பு இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், கடைசியாக அந்த போனும் இருக்கிறது.